உன் அப்பா புடவைக் கடைக்குப் போன கதை

சேகரா,

மயிலாப்பூரிலிருந்து கோட்டூர்புரத்துக்கு யாராவது தபாலில் கடிதம் போடுவார்களா என்று உன் தங்கை சிரிக்கிறாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தானே என்கிறாள். எனக்கும் தெரியும். ஆனால் போன் செய்தால் கலா எடுக்கிறாள், "தூங்கறாரு அத்தை" என்கிறாள். காலை பதினொரு மணிக்கு என் பிள்ளை தூங்க மாட்டான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாதது போலப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பி வந்தேன். முருகேசன் என்று பெயரைச் சொன்னதுமே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். பேசுகிற அம்மாவை விட்டு எழுந்து போகலாம். கடிதத்தை விட்டு எழுந்து போனாலும் நீ திரும்பி வரும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

கிண்டியில் உன் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. இருபத்தைந்து வருடம் போன இடம். மூடினதற்கு நீ காரணம் இல்லை, உன்னோடு வெளியே வந்த மற்றவர்களும் காரணம் இல்லை. காலம் மாறியதாம், வெளிநாட்டு மெஷின் வந்ததாம், பேப்பரில் என்னென்னவோ போடுகிறார்கள். உன்னிடம் வேலை கற்றுக்கொண்ட முருகேசன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான் என்றும், வீடு தேடி வந்து உன்னைக் கூப்பிட்டான் என்றும், "யோசிக்கிறேன்" என்று சொல்லி நீ அனுப்பிவிட்டாய் என்றும் கலா சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் கிளறிக் கிளறிக் கேட்டேன். அந்த வேலைக்குப் போ என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம். உன் அப்பாவைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை, அவர் இருக்கிறாரே, அவரே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் சொல்லவில்லை. இனி நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அப்பாவுடைய அப்பா அவரை ஒன்பது வயதில் கொண்டுபோய் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் விட்டார். சாப்பாடு போடுவார்கள், பாட்டும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று விட்டாராம். பெண் வேஷத்துக்குச் சின்னப் பையன்கள்தான் வேண்டும் என்பதால் முதல் ஐந்தாறு வருடம் உன் அப்பாவுக்கு ஸ்திரீபார்ட்தான். பதினெட்டு முழப் புடவையைக் கட்டிக்கொண்டு, கொண்டை வைத்துக்கொண்டு, மேடையில் நடக்கவும் உட்காரவும் வெட்கப்படவும் பிரம்படி பட்டுக் கற்றுக்கொண்டார். குரல் உடைந்த பிறகு ராஜபார்ட் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் மேடையில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்றால் ஐந்தரைக் கட்டை சுருதியில் பாட வேண்டும். சாதாரண ஆண் குரல் அந்த உயரத்தில் கீறிப்போகும். அவருக்குக் கீறாது. மணி அடித்தது போல இருக்கும். அதோடு பாட்டிலேயே பதில் சொல்லவும் அங்கே பழக்குவார்கள். எதிரே நிற்பவன் வசனத்தை மறந்துவிட்டால், அந்த ராகத்திலேயே இவர் இட்டுக்கட்டிப் பாடி அவனுக்கு ஞாபகப்படுத்தி மேடையைக் காப்பாற்றிவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதுவும் நாடகம் என்றே தோன்ற வேண்டும்.

பேசும் படம் வந்ததும் பாடத் தெரிந்தவர்களைத் தேடி அந்தக் கம்பெனிகளுக்குத்தான் வந்தார்கள். நடிக்கத் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. உன் அப்பாவையும் இன்னும் பத்துப் பேரையும் சமையல்காரரோடு ரயிலேற்றிக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மாமரக் கிளையில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நின்று பாடச் சொன்னார்களாம். பின்னால் இன்னொருவர் குரல் கொடுக்கிற வழக்கமெல்லாம் அப்போது இல்லை. நடிக்கிறவர்தான் பாட வேண்டும், நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஹார்மோனியக்காரர் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிப்பார். இவர் காதலியோடு நடந்துகொண்டே பாடினால் அவரும் புதருக்குப் புதர் தவழ்ந்தே வருவார். பாட்டு நல்லபடியாக முடியப் போகும்போது காக்கை கத்திவிடும், மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். காக்கையை ஓட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருந்தார்கள் என்று உன் அப்பா சொல்வார். அது உண்மையா, என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னதா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும், ஒலிப்பதிவு செய்த வங்காளி காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்தாராம். "மெதுவாகப் பாடச் சொல்லுங்கள், இது உடைந்துவிடும்" என்று கும்பிட்டாராம்.

அந்தப் படமும் அதற்குப் பின்னால் வந்த படங்களும் நன்றாக ஓடின. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் ஊர்த் தெப்பக்குளத்துத் தெருவே வாசலில் நின்றது. என் அப்பா பள்ளிக்கூடத் தமிழாசிரியர். சினிமாக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று ஒரு வாரம் தூங்கவில்லை. இவர் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், என் அப்பாவுடைய அலமாரியில் இருந்த புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் படிப்பு கிடையாதுங்க. பொண்ணு படிச்சிருக்குன்னு சொன்னாங்க. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்குமா?" என்று கேட்டார். என் அப்பா அந்த ஒரு கேள்விக்காக என்னைக் கொடுத்தார். தியாகராய நகரில் தோட்டம் வைத்த வீடு, கார், வீட்டில் எப்போதும் பத்துப் பேர் சாப்பாடு. கல்யாணமான புதிதில் நான் கதாநாயகி போலத்தான் இருந்தேன், இப்போது சொல்ல என்ன வெட்கம்.

நீ பிறந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் எல்லாம் மாறியது. குரலை ஓர் இடத்தில் பதிவுசெய்து, முகத்தை இன்னோர் இடத்தில் படம் பிடிக்கிற முறை வந்துவிட்டது. பாடத் தெரியாத, ஆனால் வசனம் நன்றாகப் பேசுகிற, ஒல்லியான புதுப் பையன்கள் வந்தார்கள். மைக் பக்கத்திலேயே வந்துவிட்டதால் காதோடு பேசுவது போலப் பாடுகிற குரல்தான் வேண்டும் என்றார்கள். உன் அப்பா பாடினால் "நாடகம் மாதிரி இருக்கு" என்றார்கள். ஒரு தயாரிப்பாளர் மட்டும் வீட்டுக்கு வந்து, "நீங்க நடிங்க, குரலுக்கு வேற ஒரு பையனை வச்சுக்கறோம்" என்றார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தப்போகிறார், வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவர், "சரிங்க, வர்றேன்" என்றார்.

போகவும் போனார். ஆனால் முடியவில்லை. கர்வத்தால் இல்லை. அந்தப் பையன் மூச்சு எடுக்கிற இடத்தில் இவர் எடுக்கமாட்டார். அவன் ஒரு வரியில் இரண்டு முறை மூச்சு விட்டால், இவர் இரண்டு வரிக்கு ஒரு முறை விட்டுப் பழகியவர். வாயசைவு ஒட்டவே இல்லை. மூன்று நாள் முயற்சி செய்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, "பையன் நல்லாத்தான் பாடறான். என் நெஞ்சுதான் சொன்ன பேச்சு கேக்கல" என்றார். அதோடு கூப்பிடுவது நின்றுபோனது. கார் போனது, வீடு போனது. மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்தோம். உனக்கு நினைவு தெரிந்த வீடு அதுதான்.

அங்கே ஒரு வருடத்துக்கு மேல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இது உனக்கு ஞாபகம் இருக்காது. விடிந்ததும் குளித்து, சலவை ஜிப்பா போட்டு, ஜவ்வாது தடவிக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்காருவார். கார் வரும், கூப்பிடுவார்கள் என்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே நாற்காலி. நீ அவர் காலடியில் மர வண்டியை உருட்டிக்கொண்டிருப்பாய். "அப்பா எங்க போகப் போறீங்க?" என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வி எனக்குத்தான் தாங்காது. அவர் உன் தலையைத் தடவிவிட்டு, "சொல்லி அனுப்புவாங்கடா" என்பார். எட்டு மாதமாக நீ இருக்கிற இருப்பு எனக்குப் புதிது இல்லை, சேகரா. நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால்தான் உன்னிடம் கோபம் வரவில்லை.

ஒரு தீபாவளிக்கு உனக்குச் சட்டைத் துணி எடுக்க பனகல் பார்க் பக்கம் போகவேண்டியிருந்தது. நான் வற்புறுத்தி அவரையும் கூட்டிப்போனேன். அங்கே திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் புதிதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாங்கள் துணி பார்த்துக்கொண்டிருக்கையில் தெருவில் போன இரண்டு பெண்கள் இவரை அடையாளம் கண்டு உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர், அவர்களைப் பார்த்து பத்துப் பேர். இவர் எல்லோரிடமும் நின்று, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பல நாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். வந்தவர்கள் வெறும் கையோடு போகக் கூசி ஆளுக்கொரு துணி எடுத்தார்கள். அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெற்றிலை, பழம், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்து, கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர் போல வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஐயா தப்பா நெனைக்கப்பிடாது. சின்ன வயசுல எங்க ஊருக்கு உங்க நாடகம் வந்துச்சு. மூணு நாள் ராத்திரி வீட்டுக்குத் தெரியாம வந்து பாத்தேன், எங்கய்யா முதுகுத் தோலை உரிச்சுட்டாரு. அந்த உரிமையில கேக்கேன். நீங்க நம்ம கடைக்கு வரணும். ஒண்ணும் செய்யாண்டாம். வாசல்ல நாக்காலி போடுதேன். சும்மா இருந்து, வாரவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே இருந்து வந்து, "இவரு யாருன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போய்த் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் அப்பா என்னைக் கையமர்த்தினார்.

"பாடணுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்யா."

"சும்மா உக்கார நான் வரமாட்டேன் அண்ணாச்சி. சும்மா உக்காந்துதான் ஒரு வருஷமா இருக்கேன். அதுக்கு எங்க வீட்டு நாற்காலியே போதும். பொடவை விக்கச் சொல்லிக்கொடுப்பீங்கன்னா வர்றேன்."

அண்ணாச்சி அழுதுவிட்டார். நான் அடுப்படிக்குப் போய் இருவருக்கும் காபி கலந்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், இருவரும் அதைச் சொல்லாமல் குடித்தார்கள்.

முதல் நாள் சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார். ரிக்‌ஷாக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நீ சினிமால பாடுறவரு தானே? ஷூட்டிங்குக்கா போய்க்கினு கீற?" என்றானாம். "இல்லப்பா, பொடவைக் கடைக்கு. இன்னைக்குத்தான் வேலைல சேர்றேன்." "மெய்யாலுமா? அப்ப நம்ம ஊட்டுக்கு ஒரு பொடவ கொறச்சுக் குடு நைனா!" சாயங்காலம் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவன்தான் அவருடைய முதல் வாடிக்கை. அவன் பெண்சாதிக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சுங்கடிப் புடவை இவர் கையால்தான் போகும்.

ஆறு மாதம் மடிக்கக் கற்றுக்கொண்டார். எந்தப் பட்டு எந்த ஊர், எந்தச் சாயம் வெளுக்கும், எது தோய்த்தால் சுருங்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகினார். அதற்குப் பிறகுதான் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். புடவையைப் பாயில் விரித்துக் காட்டினால், கட்டினால் எப்படி இருக்கும் என்று பெண்களுக்குத் தெரியவில்லை. உடனே எழுந்து நின்று, ஜிப்பாவின் மேலேயே புடவையைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு ஒரு திரும்பு திரும்பிக் காட்டிவிட்டார். நாற்பது வயது, தொப்பை போட்ட ஆம்பிளை! ஆனால் பத்து வயதில் பிரம்படி பட்டுக் கற்ற நடை அல்லவா? அந்த ஒரு நிமிடத்துக்கு அங்கே ஒரு பெண் நின்றாள். கடையே சிரித்தது, சிரித்துவிட்டு அந்தப் புடவையையே பொட்டலம் கட்டச் சொன்னது. அதன் பிறகு கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், "அவரு இல்லையா? அவரு தோள்ல போட்டுக் காட்டினாத்தான் எடுப்போம்" என்று காத்திருந்து எடுத்தார்கள். ஆற்காட்டிலிருந்து வருவார்கள், நெல்லூரிலிருந்து வருவார்கள்.

சினிமாவில் பழகியவர்களும் வந்தார்கள். ஒரு நாள் அந்தத் தயாரிப்பாளரின் மனைவி வந்து, இவரைக் கண்டதும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாளாம். இவர், "வாங்கம்மா, மூத்தவளுக்கா இளையவளுக்கா?" என்று தானாகவே பேச்சை எடுத்து, அவள் சங்கடத்தைப் போக்கிவிட்டுத்தான் புடவையை எடுத்தாராம். எனக்கு அதைக் கேட்டு ஆத்திரம் வந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்றேன். "தோணாம என்ன? அந்தம்மாவுக்கு நம்மளவிடக் கஷ்டமா இருந்துச்சு. கடைக்கு வந்தவங்களை எப்படி அப்படியே நிக்கவிடறது?" என்றார்.

உனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பனகல் பார்க் பக்கத்தில் இருந்த உன் பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்கப்பா பொடவை கட்டினு ஆடறாராமே" என்று கேலி செய்தார்கள் என்பதும், நீ ஒருவன் மூக்கை உடைத்தாய் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். கடை இருக்கிற பக்கமாக நடக்காமல், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாக நீ போவாய் என்பதும் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன், வருத்தப்படச் சொல்லவில்லை. ஒரு நாள் உன் சிநேகிதர்களோடு நீ அப்படிக் கடந்து போனதை அவர் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டார். நீ அவரைப் பார்த்துவிடப் போகிறாயே என்று அவரே உள்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அந்த இடத்துல பஸ் ரொம்ப வேகமா வருது. ரோட்டைத் தாண்டும்போது பாத்துத் தாண்டச் சொல்லு அவனை" என்றார். நான் உன்னிடம் சொன்னேன், "பாத்துப் போடா" என்று. எதற்குச் சொல்கிறேன் என்று நீயும் கேட்கவில்லை. அவர் மனம் நொந்திருப்பார், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பஸ்ஸுக்குப் பயந்ததும் நிஜம்தான். அப்படிப்பட்ட மனிதரோடு முப்பத்து மூன்று வருடம் இருந்திருக்கிறேன். இதைவிட எனக்கு என்ன கிடைக்க வேண்டும்?

அதே வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உன் தங்கைக்குப் பாவாடை எடுக்கக் கடைக்குப் போனேன். கூப்பிட்டதற்கு நீ வரமாட்டேன் என்றுவிட்டாய். அதற்குள் கடை பெரிதாகி மாடியும் கட்டியிருந்தார்கள். பட்டுப் பிரிவு மேலே. ஒடுக்கமான ஒரே படிக்கட்டு. மாடியில் நிற்க இடமில்லை, படி முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டென்று சத்தம் கேட்டது, கரண்ட் போய்விட்டது. ஒயர் கருகிய நாற்றம் வந்தது. யாரோ ஒருத்தி "நெருப்பு!" என்று கத்தினாள். அவ்வளவுதான். கும்மிருட்டில் மேலே இருந்தவர்கள் எல்லோரும் படியை நோக்கித் தள்ளினார்கள். நடுப்படியில் நின்ற நான் உன் தங்கையைச் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். என் காலடியில் யாரோ விழுந்த சத்தம், மேலே குழந்தைகள் அலறல். அண்ணாச்சி கீழே இருந்து, "தீ இல்லம்மா, தீ இல்ல, தள்ளாதீய!" என்று கத்துகிறார். ஒருவர் காதிலும் விழவில்லை.

அப்போது மாடியிலிருந்து உன் அப்பா பாடினார்.

சேகரா, கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. வீட்டில் பாடினாலும் அடக்கித்தான் பாடுவார். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடின குரல் அது. மைக்குக்கு ஆகாது என்று தள்ளிவைத்த குரல். அந்தக் கட்டடம் முழுக்க நிறைந்துவிட்டது. முதல் அடியிலேயே கூச்சல் நின்றது. நின்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ராகத்தை நிறுத்தாமல் அதற்குள்ளேயே அவர் வார்த்தைகளை இட்டுக்கட்ட ஆரம்பித்தார்.

"பொன்னான பிள்ளையை இடுப்பில் எடு அம்மா,
பக்கத்துச் சுவரைப் பிடித்து நில் அம்மா,
விழுந்த பெண்ணுக்குக் கைகொடு தாயே,
நெருப்பும் இல்லை புகையும் இல்லை கேளம்மா,
கீழ்ப்படி நிற்பவர் முதலில் நட அம்மா,
தீபாவளி எங்கேயும் ஓடிப் போகாதம்மா!"

கடைசி வரிக்கு இருட்டில் யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையும் சேர்ந்து சிரித்தது. கீழே நின்றவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்து, ஒவ்வொருவராக, கல்யாண ஊர்வலம் போல இறங்கினோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு வருகிறவரை அவர் நிறுத்தவில்லை. வெளிச்சம் வந்ததும் பார்த்தால், தோளில் ஒரு பச்சைப் பட்டுப் புடவையோடு மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது, அதை எடுக்கவே இல்லை. விழுந்தவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சி எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். உன் அப்பா தொண்டையைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்து, "சுருதி கொஞ்சம் எறங்கிடுச்சு, கவனிச்சியா?" என்று கேட்டார்.

மறுநாள் தெருவெல்லாம் பேசினார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். நீ ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு நீ ரோட்டைக் கடப்பதை நிறுத்திவிட்டாய் என்று அவரே ஒரு நாள் என்னிடம் சொன்னார். கடை வாசலைக் கடக்கும்போது உள்ளே திரும்பிப் பார்க்காமல், ஆனால் அந்தப் பக்கமாகவே நடந்து போகிறாய் என்றார். எதையோ ஜெயித்தவர் போல அதைச் சொன்னார்.

இன்னொரு நாளுக்காகவும் உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். உன் கல்யாணம் நிச்சயமானபோது, நானும் உன் அப்பாவும் முகூர்த்தப் புடவையைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கவில்லை. கலா வீட்டாருக்கு எங்கே இஷ்டமோ அங்கே எடுக்கட்டும் என்று இருந்தோம். நீயாகவே வந்து, "அப்பா, நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். நான் அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்றாய். உன் இருபத்தேழு வயதில், விவரம் தெரிந்த பிறகு முதல் தடவையாக அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தாய். கலாவின் அம்மாவும் அத்தைகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர் உன்னை ஒரு தரம் பார்த்தார், தோளில் போட்டுக் காட்டலாமா என்று கேட்பது போல. நீதான் அந்த அரக்குப் புடவையை எடுத்து அவர் கையில் கொடுத்தாய். அவர் கட்டித் திரும்பினபோது எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். கலா மட்டும் சிரிக்காமல், "இதுதான் எனக்கு வேணும்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்றார்.

நீ படித்தது, உன் தங்கைக்குக் கல்யாணம் ஆனது, இன்று நான் கால் நீட்டிப் படுத்திருக்கிற இந்த வீடு, எல்லாம் அந்தக் கடையால் வந்தது. அண்ணாச்சியை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கேற்றுவதில்லை. கூப்பிடுவதற்கு அவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தெருமுனை வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனாராம், பின்னால் ஒரு நாள் சொன்னார். கூப்பிடுகிறவனுக்கும் பயம் இருக்கும், சேகரா. தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிற முருகேசனுக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று அவன் முகத்தை வைத்து நீதான் சொல்ல வேண்டும். அவன் பட்டறைக்குப் போனாலும் சரி, வேறு இடம் தேடினாலும் சரி. உன் கையில் இருக்கிற வேலை அந்தத் தொழிற்சாலை கொடுத்தது இல்லை, அவர்கள் மூடினதால் அது போய்விடவும் இல்லை. அதை மட்டும் இந்த அம்மா சொன்னாள் என்று வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது நாள். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். நான் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். ஒரு நர்ஸ் பெண், இருபது வயது இருக்கும், அவருக்கு ஊசி போட நரம்பைத் தேடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"தாத்தா என்ன வேலை பாத்தீங்க?"

"பொடவைக் கடையில இருந்தேன்மா. அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சினிமாவுல."

அந்தப் பெண் சினிமாவைக் காதிலேயே வாங்கவில்லை. "பொடவைக் கடையா? ஐயோ, எங்கக்காவுக்குத் தை மாசம் கல்யாணம் தாத்தா. என்ன கலர் எடுக்கறதுன்னு வீட்ல ஒரே சண்டை" என்றாள்.

இவர் ஊசி இல்லாத கையை ஊன்றிக்கொண்டு தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "அக்கா உன்னவிடக் கொஞ்சம் நிறமா, இல்ல உன்ன மாதிரியா?" என்று கேட்டார். "உயரம் எவ்வளவு இருப்பா? இப்படி வெளிச்சத்துல வந்து நில்லும்மா, பாக்கறேன்."

அம்மா